பாய்லருக்கு பிரஷர் போச்சா? துப்பு துலக்கலாம் வாங்க!

இங்கிலாந்துல மேல்படிப்புக்கு சீட் வாங்கி, பேங்க் லோன், விசா, ஊறுகாய் பாட்டில்னு எல்லாத்தையும் ரெடி பண்ணிட்டு ஃப்ளைட் ஏறக் காத்திருக்கும் மக்களே... ஒரு நிமிஷம்! ஸ்வெட்டர் வாங்கியாச்சு, தெர்மல் வாங்கியாச்சு, சரி. ஆனா அந்த ஊர்க் குளிரில் உங்களை உண்மையிலேயே காப்பாத்தப் போற ஆசாமி யாருன்னு தெரியுமா? கிச்சன் சுவரில் அமைதியா தொங்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. பேரு... காம்பி பாய்லர்!

டிசம்பர் மாசம் லண்டனில் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் சூரியன் கடையைச் சாத்திட்டுப் போயிடும். நீங்க கிளாஸ் முடிச்சு, நடுங்கிக்கிட்டே ரூமுக்கு வந்து ரேடியேட்டரைத் தொட்டா... ஐஸ்! குழாயைத் திறந்தா, சுடு தண்ணியும் இல்லை. பாய்லரைப் பார்த்தா, ஸ்கிரீனில் புரியாத ஒரு கோட் மின்னும். வைலன்ட் பாய்லரா இருந்தா 'எஃப்22', ஐடியல் லாஜிக்கா இருந்தா 'எஃப்1'. ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்: 'உள்ளே தண்ணி பிரஷர் இல்லை, நான் ஓடமாட்டேன்!'

வீட்டில் இருக்கிற சீனியர் கூலா வந்து, பாய்லருக்குக் கீழே ஒரு குட்டி வால்வைத் திருகுவார். 'புஸ்ஸ்ஸ்'னு சத்தம். முள் மேலே ஏறும். பாய்லர் ஓடும். சுபம்! ஆனா மறுநாள் காலையில் முள் மறுபடி ஜீரோ. அன்னைக்கு யார் திருகுறதுன்னு வீட்டில் பஞ்சாயத்து. இப்படியே ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டுற ரூம்கள் நிறைய உண்டு.

வால்வைத் திருகுறது மருந்து இல்லை, வெறும் குளுக்கோஸ்! பிரஷர் குறையுதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதைக் கண்டுபிடிக்கிறதுதான் மேட்டர். இன்ஜினீயரிங் படிச்சவங்கதான்னு இல்லை, பி.காம்., பி.ஏ. மக்களும் தாராளமா துப்பு துலக்கலாம். வாங்க!

முதல்ல ஆளைப் புரிஞ்சுக்குவோம்

நம்ம ஊர் கீசரில் ஒரு பக்கம் தண்ணி வரும், சூடாகி மறுபக்கம் போகும். அவ்வளவுதான். அங்கே கதை வேற. வீட்டில் ஒவ்வொரு ரூமிலும் ஒரு ரேடியேட்டர். எல்லாத்தையும் இணைச்சு தரைக்குக் கீழே, சுவருக்குள்ளே குழாய். நடுவில் பாய்லர். பாய்லர் கேஸை எரிச்சு தண்ணியைச் சூடாக்கும். பம்ப் அந்தத் தண்ணியைச் சுத்த விடும். ரேடியேட்டரில் சூட்டை விட்டுட்டு, ஆறிப்போய் அதே தண்ணி பாய்லருக்கே திரும்பி வரும். மறுபடி சூடு, மறுபடி சுத்து.

நீங்க குளிக்கிற தண்ணி வேற, இந்தத் தண்ணி வேற. இது வெளியே வரவே வராது. நம்ம உடம்பில் ரத்தம் மாதிரி மூடின வட்டத்துக்குள்ளேயே ஓடிக்கிட்டே இருக்கும். அதனால்தான் ஒரு விஷயத்தை மனசில் வெச்சுக்கணும்: இந்த சிஸ்டத்துக்குத் தண்ணி 'செலவே' ஆகாது. ஒழுங்கா இருக்கிற வீட்டில் மாசக்கணக்கா ஒரு சொட்டுகூட ஊத்த வேண்டியதில்லை. அப்புறம் தினமும் குறையுதுன்னா? எங்கேயோ ஓட்டை... அல்லது எவனோ வெளியே துப்புறான்!

பாய்லரின் முன்பக்கத்தில் ஒரு வட்டமான மீட்டர் இருக்கும். புது மாடல்னா ஸ்கிரீனிலேயே நம்பர் தெரியும். அளவு 'பார்'. ஆறிப்போய் இருக்கும்போது 1 முதல் 1.5 பார் இருந்தா நார்மல். ஹீட்டிங் ஓடும்போது கொஞ்சம் ஏறும், 2 பக்கம் போனாலும் பயம் இல்லை. அரை பாருக்குக் கீழே போனா நிறைய பாய்லர்கள் தானே நின்னுடும்.

அது ஏன் 1 பார்? 1 பார்ங்கிறது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத் தண்ணியின் அழுத்தம். பாய்லர் கீழே கிச்சனில், உங்க ரூம் மாடியில். அந்த மாடி ரேடியேட்டரின் உச்சி வரைக்கும் தண்ணி நிரம்பி நிக்கணும், அதுக்கு மேலயும் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கணும். அதுக்குத்தான் இந்த 1 பார்.

பெட்டிக்குள்ளே ஒரு பலூன்

இந்தக் கதையின் முக்கியமான கேரக்டர் இனிமேதான் என்ட்ரி. தண்ணியைச் சூடாக்கினா விரியும்னு ஸ்கூலிலேயே படிச்சிருப்போம். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனா, தண்ணி கிட்டத்தட்ட 3 சதவிகிதம் விரியும். வீட்டு சிஸ்டத்தில் மொத்தம் 70 லிட்டர் இருந்தா, புதுசா 2 லிட்டருக்கு இடம் வேணும். ஆனா சிஸ்டமோ எல்லா பக்கமும் மூடியிருக்கு. தண்ணியை அமுக்கவும் முடியாது. என்ன ஆகும்? குழாய் வெடிக்கும்!

அது நடக்காம இருக்கத்தான் 'எக்ஸ்பான்ஷன் வெசல்'. காம்பி பாய்லரின் பின்பக்கம் தட்டையா ஒளிஞ்சிருக்கும் ஒரு இரும்பு டப்பா. நடுவில் ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் சிஸ்டத்துத் தண்ணி, மறுபக்கம் காத்து. தண்ணி விரிஞ்சா சவ்வைத் தள்ளும், காத்து சுருங்கி இடம் கொடுக்கும். ஆறினா, காத்து தண்ணியைத் திருப்பித் தள்ளிடும். காத்தடிக்கிற வாய்கூட கார் டயரில் இருக்கிற அதே வால்வுதான்!

அதையும் மீறி பிரஷர் எகிறினா? குக்கருக்கு சேஃப்டி வால்வு மாதிரி இங்கேயும் ஒண்ணு உண்டு. பேரு பிரஷர் ரிலீஃப் வால்வு. 3 பார் வந்ததும் திறந்து, தண்ணியை ஒரு செம்புக் குழாய் வழியா வீட்டுக்கு வெளியே கொட்டிடும். அந்தக் குழாயின் வாய் பெரும்பாலும் வெளிச்சுவரில் நீட்டிக்கிட்டு, சுவரைப் பார்த்து வளைஞ்சு நிக்கும்.

ஆக, கேரக்டர்கள் அறிமுகம் முடிஞ்சது. இனி விசாரணை!

சந்தேக லிஸ்ட்

பிரஷர் குறைய ஐந்து காரணங்கள் இருக்கலாம்.

1. அப்பாவி: யாராவது ரேடியேட்டரில் சிக்கின காத்தைத் திறந்து விட்டிருப்பாங்க. காத்து போனா பிரஷர் குறையத்தான் செய்யும். ஒரு தடவை நிரப்பினா சரியாகிடும். மறுபடி குறையலைன்னா கேஸ் க்ளோஸ்!

2. சில்லறைத் திருடன்: ரேடியேட்டர் வால்விலோ, குழாய் ஜாயின்ட்டிலோ சின்னக் கசிவு.

3. பெரிய புள்ளி: எக்ஸ்பான்ஷன் வெசலில் காத்து போயிடுச்சு, அல்லது சவ்வு கிழிஞ்சுடுச்சு.

4. மாட்டிக்கிட்டவன்: ரிலீஃப் வால்வு சரியா மூடாம சொட்டுது.

5. உள்ளாள்: பாய்லருக்குள்ளேயே இருக்கிற மெயின் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல். தண்ணி வெளியே தெரியாமலே கழிவுக் குழாய் வழியா போயிடும்.

துப்பு 1: முள் என்ன சொல்லுது?

ஒரு ஸ்பானரும் வேண்டாம். ஒரு பேப்பர், ஒரு பேனா, மூணு நாள் பொறுமை. அவ்வளவுதான். காலையில் ஹீட்டிங் ஆன் ஆகிறதுக்கு முன்னாடி ஒரு ரீடிங். ஹீட்டிங் ஒரு மணி நேரம் ஓடினதும் ஒரு ரீடிங். எல்லாம் ஆறினதும் ராத்திரி ஒரு ரீடிங். நேரத்தோடு குறிச்சு வைங்க. போன்ல போட்டோவும் எடுத்துக்கோங்க, பின்னாடி ரொம்ப உதவும்.

மூணு நாள் கழிச்சுப் பார்த்தா, முள்ளே குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கும்!

ஹீட்டிங் ஓடினாலும் ஓடலைன்னாலும் ஒரே சீரா, கொஞ்சம் கொஞ்சமா குறையுதா? கசிவு.

ஆறியிருக்கும்போது 1.2, சூடானதும் விறுவிறுன்னு 3 கிட்டே ஏறி, மறுபடி ஆறினதும் ஜீரோ பக்கம் விழுதா? சந்தேகமே இல்லை, வெசல்!

யாரும் தொடாமலே பிரஷர் ஏறுதா? அது வேற கேஸ். தண்ணி நிரப்புற வால்வு முழுசா மூடாம உள்ளே கசியுது, அல்லது குளிக்கிற தண்ணியைச் சூடாக்கும் பிளேட் எக்ஸ்சேஞ்சரில் ஓட்டை. தெருக்குழாய்த் தண்ணிக்கு அழுத்தம் அதிகம், அது உள்ளே புகுந்துடும்.

துப்பு 2: டிஷ்யூ பேப்பர் டெஸ்ட்

கசிவுன்னு தோணினா வீட்டைச் சுத்துங்க. 'தரையில் தண்ணியே காணோமே'ன்னு ஏமாந்துடாதீங்க. சூடான குழாயில் கசியும் தண்ணி தரைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆவியாகிடும். மிச்சம் இருக்கிறது கறை மட்டும்தான். செம்புக் குழாய் ஜாயின்ட்டில் பச்சைப் படிவு, வால்வு நட்டைச் சுத்தி வெள்ளைப் பொடி, ரேடியேட்டரின் அடி விளிம்பில் துரு, கார்ப்பெட்டில் கறுப்பு வட்டம்... இதெல்லாம் கைரேகை மாதிரி!

ஹீட்டிங்கை நிறுத்தி, எல்லாம் நல்லா ஆறினதும் ஒவ்வொரு வால்வையும் ஜாயின்ட்டையும் டிஷ்யூ பேப்பரால் ஒத்திப் பாருங்க. இரும்பும் செம்பும் ஆறினதும் சுருங்கும். சூட்டில் இறுக்கமா இருந்த ஜாயின்ட், குளிரில் லேசா வாய் திறக்கும். அதனால் காலையில் பார்க்கிறதுதான் பெஸ்ட்.

'ஒரு சொட்டுதானே பாஸ்'னு அலட்சியம் வேண்டாம். ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. 10 விநாடிக்கு ஒரு சொட்டுன்னா ஒரு நாளைக்கு 8,640 சொட்டு. அதாவது 430 மில்லி, ஒரு பெரிய டம்ளர் நிறைய! நாலு நாளில் ஒன்றே முக்கால் லிட்டர் காலி.

துப்பு 3: பாலிதீன் பை

வீட்டுக்கு வெளியே போய் அந்தச் செம்புக் குழாயின் வாயைத் தேடுங்க. கைக்கு எட்டுற உயரத்தில் இருந்தா மட்டும், பாய்லர் ஆறியிருக்கும்போது, ஒரு பாலிதீன் பையை ரப்பர் பேண்ட் போட்டு லூஸா மாட்டி விடுங்க. ஒரு நாள் கழிச்சுப் பையில் தண்ணி இருந்தா, ரிலீஃப் வால்வு வழியா துப்புதுன்னு அர்த்தம். பார்த்ததும் பையைக் கழற்றிடுங்க. ஹீட்டிங் ஓடும்போது அங்கே கையை வைக்காதீங்க, கொதிக்கிற தண்ணி வரலாம்.

இன்னொரு உஷார்: பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் குழாயும் இருக்கும். அதில் தண்ணி சொட்டிக்கிட்டேதான் இருக்கும். புகையிலிருக்கும் நீராவி குளிர்ந்து வர்ற தண்ணி அது. இப்போ இருக்கிற கண்டென்சிங் பாய்லர்களுக்கு அது இயல்பு. 'கண்டுபிடிச்சுட்டேன்!'னு குதிச்சு பல்பு வாங்கிடாதீங்க. செம்பா, பிளாஸ்டிக்கான்னு முதல்ல பாருங்க.

தண்ணி வர்ற இடம் வேற... காரணம் வேற!

கட்டுரையின் சாரமே இங்கேதான் இருக்கு மக்களே.

செம்புக் குழாயில் தண்ணி சொட்டுது. வர்ற மெக்கானிக் பார்க்கிறார். 'வால்வு போச்சு'ன்னு புதுசு மாட்டிட்டுப் போறார். ரெண்டே வாரத்தில் மறுபடி சொட்டுது! ஏன்? வால்வு மேல தப்பே இல்லை. அது தன் டியூட்டியைத்தான் பார்த்துச்சு. வெசலில் காத்து இல்லை. விரிஞ்ச தண்ணிக்குப் போக இடம் இல்லை. பிரஷர் 3 பாருக்கு எகிறுச்சு. வால்வு திறந்து தண்ணியை வெளியே தள்ளுச்சு. ராத்திரி ஆறினதும் உள்ளே தண்ணி குறைஞ்சிருக்கு, முள் கீழே. காலையில் நீங்க நிரப்புறீங்க. மறுபடி சூடு, மறுபடி 3 பார், மறுபடி வெளியே. நீங்க ஊத்த ஊத்த அது துப்பிக்கிட்டே இருக்கும்!

இப்படி அடிக்கடி திறக்கிற வால்வின் வாயில் துருத்தூள் சிக்கிக்கும். அப்புறம் அது முழுசா மூடாது. அப்போ வெசலுக்குக் காத்தடிச்சா மட்டும் போதாது, வால்வையும் மாத்தணும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்தான் நல்ல இன்ஜினீயர். தண்ணி எங்கே வருதுன்னு கண்டுபிடிக்கிறது பாதி வேலை. ஏன் வருதுன்னு கேட்கிறதுதான் மீதி.

இதே நோய் நம்ம ஊரிலும் உண்டு, தெரியுமா? அபார்ட்மென்ட், தனி வீடுகளில் பாத்ரூமுக்குத் தண்ணி தள்ளும் பிரஷர் பம்ப் பார்த்திருப்பீங்க. சிலதில் கூடவே ஒரு குட்டி டேங்க் இருக்கும். அதுக்குள்ளேயும் இதே ரப்பர், இதே காத்து. குழாயைக் கொஞ்சம் திறந்தாலே மோட்டார் 'டக்... டக்... டக்'னு ஆன், ஆஃப் ஆகிக்கிட்டே இருந்தா பெரும்பாலும் அந்த டேங்கில் காத்து போயிருக்கும். மோட்டாரை மாத்தறதுக்கு முன்னாடி டேங்கைப் பாருங்க. அப்பாவுக்கு ஒரு மோட்டார் காசு மிச்சம்!

கணக்குப் பிரியர்களுக்கு மட்டும்!

பாயில் விதி ஞாபகம் இருக்கா? அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினா மாறாது. அதை பாய்லரில் போட்டுப் பார்ப்போம். (மீட்டர் காட்டும் அளவோடு காற்றுமண்டல அழுத்தம் 1 பாரைக் கூட்டிக்கணும்.)

8 லிட்டர் வெசல். காத்து 0.75 பாரில் அடிச்சிருக்கு. சிஸ்டத்தை 1.25 பாருக்கு நிரப்பினா, காத்து 8 x 1.75 / 2.25 = 6.2 லிட்டரா சுருங்கும். ஹீட்டிங் ஓடி 2 லிட்டர் விரிஞ்சா, காத்துக்கு 4.2 லிட்டர். அழுத்தம் 14 / 4.2 = 3.3. அதாவது மீட்டரில் 2.3 பார். பாஸ்!

இப்போ காத்து கசிஞ்சு, அதே 1.25 பாரில் வெறும் 3 லிட்டர் காத்துதான் மிச்சம்னு வைங்க. 2 லிட்டர் விரிஞ்சா காத்துக்கு 1 லிட்டர்தான். அழுத்தம் 6.75. மீட்டரில் 5.75 பார் வரணும்! ஆனா 3 பாரிலேயே வால்வு திறந்து கிட்டத்தட்ட 0.7 லிட்டரை வெளியே தள்ளிடும். ஆறினதும் மீட்டர் 0.8 பாருக்கு வந்து நிக்கும்.

இன்னொரு சுவாரஸ்யம். நல்ல வெசலில் 1.25-லிருந்து 0.75 பாருக்கு முள் இறங்கணும்னா 1.8 லிட்டர் போகணும். மேலே சொன்ன '10 விநாடிக்கு ஒரு சொட்டு' கசிவில் அதுக்கு நாலு நாள் ஆகும். ஆனா காத்தே இல்லாத வெசலில் ஒரு டம்ளர் தண்ணி போனாலே முள் படுத்துடும். அதனால், முள் எவ்வளவு இறங்குச்சுன்னு பார்த்து எவ்வளவு தண்ணி போச்சுன்னு முடிவு பண்ணக் கூடாது!

துப்பு 4: பாதி பாதியா பிரி!

வீட்டில் ஈரமே இல்லை, பாலிதீன் பையும் காய்ஞ்சு கிடக்கு, ஆனா பிரஷர் போகுது. இனி இன்ஜினீயர் கையில். ஆனா அவர் என்ன பண்ணுவார்னு தெரிஞ்சுக்கிறது நல்லது.

பாய்லருக்குக் கீழே, ரேடியேட்டர்களுக்குப் போற குழாயிலும் திரும்பி வர்ற குழாயிலும் வால்வுகள் இருக்கும். பாய்லரை முழுசா நிறுத்தி ஆறவிட்டு, ரெண்டையும் மூடி ஒரு ராத்திரி விட்டுடுவாங்க. இப்போ சிஸ்டம் ரெண்டு துண்டு. மீட்டர் இருக்கிறது பாய்லர் பக்கம். காலையில் முள் இறங்கியிருந்தா, கோளாறு பாய்லருக்குள்ளே. செம்புக் குழாயும் காய்ஞ்சு இருந்தா, சந்தேகம் ஹீட் எக்ஸ்சேஞ்சர் மேல். முள் அசையாம இருந்து, வால்வைத் திறந்ததும் 'தொபுக்'னு விழுந்தா, கோளாறு வீட்டுக் குழாயில்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, இது என்னன்னு தெரியுதா? உங்க பைனரி சர்ச்தான்! மொத்த வீட்டையும் தோண்டாம, பாதியை ஒரே ராத்திரியில் கழிச்சுட்டாங்க பாருங்க. மீதிப் பாதியையும் மாடி, கீழ்த்தளம்னு அதே மாதிரி பிரிக்கலாம். கான்கிரீட்டுக்குள்ளே போற குழாய்னா, தெர்மல் கேமரா வெச்சு சூடு பரவும் இடத்தைப் பார்ப்பாங்க. அதுக்கும் மசியலைன்னா 5 சதவிகிதம் ஹைட்ரஜன், 95 சதவிகிதம் நைட்ரஜன் கலந்த வாயுவைக் குழாயில் ஏத்தி, மேலே சென்சாரை நகர்த்திக்கிட்டே மோப்பம் பிடிப்பாங்க. இந்தக் கலவை தீப்பிடிக்காது. ஹைட்ரஜன் ரொம்பப் பொடி மூலக்கூறு, சின்ன சந்து கிடைச்சாலும் மேலே வந்துடும்.

எச்சரிக்கை: இந்த டெஸ்ட்டை நீங்க செஞ்சு பார்க்காதீங்க. வால்வு மூடியிருக்கும்போது யாராவது தெரியாம ஹீட்டிங்கை ஆன் பண்ணினா ஆபத்து.

'தினமும் நிரப்பினா என்ன?'

நல்ல கேள்வி. தண்ணி ஓசிதானேன்னு தோணும். விஷயம் தண்ணி இல்லை, அதில் கரைஞ்சிருக்கும் ஆக்சிஜன்! ரேடியேட்டர் இரும்பு. பழைய தண்ணியில் இருந்த ஆக்சிஜன் தீர்ந்துட்டா துரு கிட்டத்தட்ட நின்னுடும். அதோட, துருவைத் தடுக்க ஒரு மருந்தும் கலந்திருப்பாங்க. நீங்க தினமும் புதுத் தண்ணி ஊத்தினா புது ஆக்சிஜன் வருது, மருந்தும் நீர்த்துப்போகுது. உள்ளே துருப்பிடிச்சு, மேக்னடைட்னு ஒரு கறுப்புச் சேறு படியும். ரேடியேட்டர் மேல சூடா, கீழே ஜில்லுன்னு இருந்தா அதன் வேலையா இருக்கலாம். கடைசியில் பம்பையும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் அடைச்சுடும். ஒரு ஜாயின்ட்டை இறுக்குறதோடு முடிய வேண்டிய வேலை, பாய்லரையே மாத்துற வேலையா வளரும்!

அவசரத்துக்கு நிரப்புறது தப்பில்லை. பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, ஃபில்லிங் லூப்பை மெதுவா திறந்து, 1.2 பக்கம் வந்ததும் ரெண்டு பக்க வால்வையும் இறுக்கமா மூடுங்க. எந்த மாடலுக்கு எப்படின்னு மேனுவலில் இருக்கும். நிரப்பின தேதியையும் நேரத்தையும் எழுதி பாய்லர் மேலேயே ஒட்டி வைங்க. 'நான் நேத்தே நிரப்பினேன்' பஞ்சாயத்தும் தீரும், துப்பும் கிடைக்கும்.

கை வைக்காதீங்க!

பாய்லரின் மூடியைக் கழற்றவே கழற்றாதீங்க. வெசலுக்குக் காத்தடிக்க சைக்கிள் பம்பே போதும்னு வீடியோ பார்த்துட்டு இறங்காதீங்க. சிஸ்டத்தின் பிரஷரை ஜீரோவுக்கு இறக்கிட்டுத்தான் அதைச் செய்யணும். பல மாடல்களில் வெசல் இருக்கிறதே மூடிக்குள்ளே. பிரிட்டனில் கேஸ் வேலை செய்ய, 'கேஸ் சேஃப்' பதிவு பெற்ற இன்ஜினீயருக்கு மட்டும்தான் சட்டப்படி அனுமதி. 2009-ல் 'கோர்ஜி'ங்கிற பழைய பதிவுமுறைக்குப் பதிலா வந்தது இது. வீட்டுக்கு வர்றவரிடம் அடையாள அட்டை கேளுங்க, தப்பா நினைக்கமாட்டார். அட்டையின் பின்பக்கம், அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதியானவர்னு போட்டிருக்கும்.

பிரஷர் குறையுறது தண்ணிப் பிரச்னை. கேஸ் லீக் இல்லை. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஆனா கேஸ் வாசனை வந்தாலோ, கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தினாலோ ஜன்னலைத் திறந்துட்டு எல்லாரும் வெளியே வந்துடுங்க. வெளியே வந்ததும் 0800 111 999-க்கு போன் பண்ணுங்க.

ஹவுஸ் ஓனர் என்ன சொல்வார்?

'நாமதான் வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸ், கேட்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்களோ'ன்னு பயந்து, ரெண்டு போர்வைக்குள்ளே சுருண்டு படுக்கிற மக்கள் நிறைய பேர். குளிரில் ஜன்னலையும் மூடி, துணியையும் ரூமிலேயே காயப் போட்டா சுவரில் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் இருமல். அப்புறம் 'சுவரைக் கெடுத்துட்டீங்க'ன்னு டெபாசிட்டில் கை வைப்பாங்க.

பயப்படாதீங்க. இங்கிலாந்தில் 1985-ம் வருஷத்து வீட்டு உரிமையாளர்-குடியிருப்பாளர் சட்டத்தின் 11-வது பிரிவு, வீட்டைச் சூடாக்கும் அமைப்பையும் சுடு தண்ணி அமைப்பையும் சரியா வெச்சிருக்க வேண்டியது வழக்கமான வாடகை வீடுகளில் ஓனர் பொறுப்புன்னு சொல்லுது. 1998-ம் வருஷத்து கேஸ் பாதுகாப்பு விதிகள்படி ஒவ்வொரு வருஷமும் கேஸ் சோதனை நடத்தி, அதன் நகலை உங்களுக்குத் தரணும். கேஸ் பாய்லர் இருக்கிற அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்கிறதும் 2022 அக்டோபர் 1 முதல் ஓனர் கடமை.

அதனால் போனில் புலம்பாம மெயிலில் எழுதுங்க. 'ஹீட்டர் வேலை செய்யலை'ன்னு மொட்டையா வேண்டாம். 'ஆறியிருக்கும்போது 1.2 பார், ஒரு மணி நேரம் ஓடினதும் 2.9, ராத்திரி 0.4. மூணு நாளா இப்படித்தான். வெளியே செம்புக் குழாயில் தண்ணி வருது. போட்டோ இணைச்சிருக்கேன்'னு எழுதுங்க. இதைப் படிக்கிற இன்ஜினீயர் வெசலுக்கும் வால்வுக்கும் தயாரா வருவார். 'நீங்கதான் ஏதோ பண்ணீங்க'ன்னு ஏஜென்ட் கையைக் காட்டவும் முடியாது. அப்படியும் அசையலைன்னா உங்க யூனிவர்சிட்டியின் மாணவர் யூனியன், சிட்டிசன்ஸ் அட்வைஸ், உள்ளூர் கவுன்சில்னு போக வழி இருக்கு.

லக்கேஜில் வைக்க வேண்டிய அஞ்சு பாயின்ட்!

* வீட்டுக்குக் குடி போன முதல் நாளே பாய்லர் மீட்டரை ஒரு போட்டோ எடுங்க.

* ஃபில்லிங் லூப் எங்கே இருக்குன்னு வெயில் காலத்திலேயே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

* ரேடியேட்டரில் காத்து எடுத்தா, உடனே பிரஷரைப் பாருங்க.

* மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல நிரப்ப வேண்டியிருந்தா, எங்கேயோ ஓட்டை. மெயில் போடுங்க.

* வால்வை மட்டும் மாத்திட்டுக் கிளம்புற இன்ஜினீயரிடம் 'வெசலில் காத்து பார்த்தீங்களா?'ன்னு ஒரு கேள்வி கேளுங்க.

அந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம் மக்களே. ஒரு பவுண்டு செலவு இல்லை, ஆனா ஒரு குளிர்காலத்தையே மிச்சம் பண்ணும். நல்லபடியா படிச்சுட்டு வாங்க. பாய்லர் பிரஷர் 1.2 பாரில் நிக்கட்டும். உங்க பிரஷர் அசைன்மென்ட் நேரத்தில் மட்டும் ஏறட்டும்!